படத்துக்கு விழுந்த மாலை

கஃப் ரோட்டில் சுந்தரம் அண்ணன் வீட்டு முன்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். அறுபத்தோராம் வருஷம். என் மனைவி இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. சுங்க அலுவலகத்தில் கிளார்க் வேலை. காலையும் இரவும் அண்ணன் மனைவி பாக்கியலட்சுமி அக்கா கையால் சாப்பாடு. "குழம்பு போதுமா" என்பதைத் தவிர அவர் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை. அதற்காகவே அந்த வீட்டை விட்டு நான் நகரவில்லை.

அண்ணன் போர்டு எழுதுகிறவர். சிராங்கூன் ரோட்டில் மளிகைக் கடை, ஜவுளிக் கடை, முடிவெட்டும் கடை, எதற்கு மேலே நிமிர்ந்து பார்த்தாலும் அவர் எழுத்து இருக்கும். தமிழும் இங்கிலீஷும் மலாயும் தெரிந்து எழுதுவார். சீனம் தெரியாமல் எழுதுவார். கடைக்காரர் தாளில் எழுதிக் கொடுத்ததைக் கட்டம் போட்டுப் பெரிதாக்குவார். ஒருமுறை மருந்துக் கடைச் சீனர் ஒருவர் போர்டைப் பார்த்துவிட்டு, இது என் அப்பா கையெழுத்து மாதிரியே இருக்கிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் கொடுத்த தாள் அவருடைய அப்பா எழுதியதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அண்ணன் தனக்காக வரைவார். ஓவியர் சங்கம் டிசம்பர்தோறும் கண்காட்சி வைக்கும். மூன்று வருஷம் படம் அனுப்பினார். மூன்றும் திரும்பி வந்தன. "விளம்பரப் பலகையின் சாயல் உள்ளது" என்று ஒரு கடிதம்கூட வந்திருந்தது. அதை மடித்துச் சட்டைப் பெட்டியில் வைத்திருந்தார்.

நாலாம் வருஷம் தன்னையே வரைந்தார்.

"ஆள உக்கார வச்சா மணிக்கு ரெண்டு வெள்ளி கேக்குறான் தம்பி. என் மூஞ்சி ஓசி" என்றார்.

பின்னறை ஜன்னல் கம்பியில் சவரக் கண்ணாடியைக் கட்டி, எதிரே பலகையை வைத்து, கதவுக்கு முதுகு காட்டி உட்காருவார். டர்பன்டைன் நாற்றம் பிடிக்காததால் அக்கா உள்ளே போகமாட்டார். வாசற்படியில் நின்றே பேசுவார்.

"இந்தாங்க. மணி பதினொண்ணு. பாசாருக்குப் போய் மீன் வாங்கியாந்தா மீன். இல்லாட்டி வெறும் ரசம்."

அண்ணன் திரும்பமாட்டார்.

"செவுத்துக்கிட்ட பேசுனாலும் ஒரு பல்லியாவது சத்தம் போடும்."

அதற்கும் திரும்பமாட்டார். அன்று ரசம். இப்படி எட்டு ஞாயிறு ரசம் சாப்பிட்டோம். படத்தை யாருக்கும் காட்டவில்லை. பழைய கைலியில் சுற்றி ரிக்‌ஷாவில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். நான் வாசித்துச் சொன்னேன். அவர் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். மூன்றாம் தடவை அடியிலிருந்த விதிகளையும் வாசித்தேன். பத்து நாள் காட்சி முடிவதற்குள் படத்தை எடுத்தால் அடுத்த மூன்று வருஷம் அனுப்ப முடியாது.

"எவன் எடுப்பான்?" என்றார் அண்ணன். "செவுத்த இடிச்சாலும் எடுக்கமாட்டேன்."

திறப்பு விழா வியாழக்கிழமை மாலை, பாடாங் மைதானத்துப் பக்கத்து மண்டபத்தில். நாலு நாளாக அடைமழை. பட்டுப் புடவை நனையும் என்று அக்கா வரவில்லை. நானும் ஒலி முகம்மது பாயும் போனோம். பாய் ஜவுளிக் கடைக்காரர். அண்ணன் எழுதிய போர்டுதான் தன் கடைக்கு ஆட்களை இழுக்கிறது என்று நம்புகிறவர். கேம்பல் லேனில் சொல்லிக் கட்டிய பெரிய மாலை ஒன்றை வாழையிலையில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். மேடை என்று ஒன்று இருந்தால் மாலை இல்லாமல் நம் ஆட்கள் போகமாட்டார்கள். திறந்துவைப்பவர் சீனரா வெள்ளைக்காரரா என்பதெல்லாம் அப்புறம்.

வந்தவர் டாக்டர் லிம். குள்ளமான மனிதர். பாய் போட்ட மாலை அவருக்கு முழங்காலைத் தொட்டது. பெரிய மனிதர்கள் செய்வதுபோல் உடனே கழற்றினார். கழற்றியதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாயிடம் இங்கிலீஷில் கேட்டார்:

"உங்கள் நண்பரின் படம் எது?"

நாங்கள் இன்னும் கிட்டப் போய்ப் பார்க்காத அந்தப் படத்தைப் பாய் தூரத்திலிருந்தே காட்டினார். டாக்டர் நேரே போய் மாலையைப் படத்துக்குப் போட்டார்.

எல்லாரும் கை தட்டினார்கள். அண்ணன்தான் பலமாகத் தட்டினார். நானும் தட்டினேன். எனக்கு அதில் எதுவும் தோன்றவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதிலும் எதுவும் தோன்றுவதில்லை. பாய்க்கு மட்டும் முகம் சுருங்கியது.

"என்ன தம்பி இது, உசுரோட இருக்கிறவரு படத்துக்கு..."

"எடுத்துவிடலாமா?"

"டாக்டர் போட்டத நாம எடுத்தா மரியாதையா இருக்குமா? வெளங்காத வேலையாப் போச்சு லா."

அதற்குள் தமிழ்ப் பத்திரிகைக்காரர் படம் பிடித்துவிட்டார்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. எழுத்து காயும் என்று அண்ணன் ஆறு மணிக்கே ஏணியோடு ஓவன் ரோட்டுக்குப் போய்விட்டார். ஒரு காப்பிக் கடைப் போர்டு பாதியில் நின்றிருந்தது. ஏழரைக்கு யோகம் டீச்சர் மாடியேறி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அண்ணன்தான் அவர் வீட்டுப் பெயர்ப்பலகையை எழுதியவர். ஒரு கையில் பத்திரிகை, மறு கையில் பிஸ்கட் டின்.

"என்ன பிள்ளை இது? ஒரு சொல்லு சொல்லி அனுப்பேல்லையே?"

"என்னா டீச்சர்?" என்றார் அக்கா.

"முந்தநாளும் என்ரை கேட்டிலை நிண்டு கதைச்ச மனுசன்."

"யாரு?"

"உன்ரை மனுசன்தான்."

"அவரு போர்டு எழுதப் போயிருக்காரு."

டீச்சர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பிடித்தான் தெரியும் பிள்ளை. முதல்லை அப்பிடித்தான் தெரியும்."

பத்திரிகையை நான் வாங்கிப் பார்த்தேன். நாலாம் பக்கம். அண்ணனின் முகம், இரண்டு பக்கமும் மாலை தொங்க. கீழே எழுதியிருந்தது: "ஓவியர் சுந்தரம் படத்துக்கு டாக்டர் லிம் மாலை அணிவித்தார். திரளானோர் கலந்துகொண்டனர்."

பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இப்படி ஒரு செய்தியைப் படித்துவிட்டு எந்தத் தமிழனும் வேறு மாதிரி நினைக்கமாட்டான்.

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் படியில் செருப்புச் சத்தம். கீழ்வீட்டு ரபியா, பக்கத்து அச்சகத்துக்காரர்கள், அண்ணன் போர்டு எழுதிய கடைக்காரர்கள் நாலைந்து பேர். பால்காரர் பாலை வைத்துவிட்டுப் போகாமல் தலைப்பாகையை அவிழ்த்து உட்கார்ந்துவிட்டார். யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள். படியிலேயே ஒரு அம்மாள் ராகம் எடுத்துவிட்டார்.

அக்கா பத்திரிகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி... ஏணி..."

இன்று காலை ஏணியிலிருந்து விழுந்தவனை நேற்றே அச்சடித்திருக்க முடியாது. உட்கார்ந்து யோசித்தால் யாருக்கும் தெரியும். உட்கார்ந்து யோசிக்கிற நேரம் அது இல்லை என்பது எனக்குத் தெரியும். பொத்தான் போடாத சட்டையோடு இறங்கி ஓடினேன்.

காப்பிக் கடை வாசலில் சின்னக் கூட்டம். எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏணி உச்சியில் அண்ணன் சிவப்புப் பெயிண்டில் தூரிகையைத் தோய்த்துக்கொண்டிருந்தார். கீழே பாய் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"எறங்குய்யா கீழ! நீ செத்துப்போயிட்டே!"

"இந்த 'டை'ய முடிச்சிட்டு வரேன் பாய்."

"ஊரே உன் வீட்ல அழுவுது. என் கடையில ரெண்டு பேரு வேலைய வுட்டுட்டு அழுவுறானுங்க. உனக்கு 'டை' முக்கியமா?"

"பாதியில வுட்டா 'காப்பிக் க'ன்னு நிக்கும். கடை மொதலாளி தவ்க்கே என்னைய நெசமாவே கொன்னுடுவான்."

நான் பத்திரிகையை நீட்டினேன். இறங்கி வந்து பார்த்தார். நன்றாகப் பார்த்தார்.

"படம் தெளிவா விழுந்திருக்கு" என்றார். "திரளானோர்னு போட்டிருக்கான் பாருங்க. முப்பது பேருதான தம்பி?"

"அத்தனை பேர் நடுவில் அக்கா தனியாக இருக்கிறார்" என்றேன்.

அண்ணன் ஏணியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். முதலில் நடந்தார், பிறகு ஓடினார். நாற்பத்தைந்து வயது ஆள் கைலியைத் தூக்கிக்கொண்டு சிராங்கூன் ரோட்டில் ஓட, எதிரே வந்தவர்களில் இரண்டு பேர் ஒதுங்கி வழிவிட்டுக் கும்பிட்டார்கள்.

வீட்டுக்குள் அவர் நுழைந்ததும் ராகம் நின்றது. அக்கா சுவரோரமாக உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். முழங்கையில் சிவப்பு ஒட்டியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துப் பெயிண்ட்தான் என்று உறுதி செய்துகொண்டார்.

"பசியாறுனீங்களா?" என்றார்.

"இன்னும் இல்ல."

அடுப்படிக்குள் போனார். உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. தானாக விழுந்த சத்தம் இல்லை.

அழ வந்தவர்கள் போவதாக இல்லை. வந்த காரியம் இல்லை என்றாகிவிட்டது; ஆனாலும் வந்தாகிவிட்டது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தோம். யோகம் டீச்சர் கொண்டுவந்த டின்னை அவரே திறந்து எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்தார். சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்து வந்ததை யாரும் வீணாக்கவில்லை.

"என்னா மனுசன்யா. ஒரு எழுத்து கோணாது" என்றார் அச்சகத்துக்காரர்.

"கேட்ட தேதிக்குத்தான் தரமாட்டாரு" என்றார் பால்காரர். "ஆனா தங்கமான குணம்."

"அது இருந்திச்சு" என்று ஒப்புக்கொண்டார் இன்னொருவர்.

அண்ணன் பிஸ்கட் தின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். உயிரோடு இருந்தபோது அவரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை.

அக்கா தோசைத் தட்டோடு வந்தார். அவர் முன்னால் வைத்தார்.

"சாப்ட்டுட்டுப் போயி அந்தப் படத்த எறக்கிட்டு வாங்க."

"மாலைய எடுத்துடலாம் பாக்கியம்."

"மாலைய இல்ல. படத்த. போட்ட மாலைய எடுத்துட்டா போட்டது இல்லன்னு ஆயிருமா? இன்னும் ஒம்பது நாளு ஊருல உள்ளவன் எல்லாம் வந்து பாப்பான். நான் நெத்தியில பொட்டு வச்சிக்கிட்டு எப்படி மார்க்கெட்டுக்குப் போறது?"

"எடுத்தா மூணு வருசம் அனுப்ப முடியாது. தம்பியக் கேளு."

"உண்மைதான் அக்கா" என்றேன்.

"மூணு வருசம் அனுப்பாட்டி என்னா? இதுக்கு முன்ன மூணு வருசம் அனுப்பி என்னா கிழிச்சீங்க?"

அண்ணன் தோசையைப் பிய்க்காமல் வைத்தார். "எறக்கமாட்டேன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அக்காவின் முகத்துக்கு நேரே அவர் ஒன்றை மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அக்காவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"அப்ப நான் செம்பவாங்குக்குப் போறேன். என் தம்பி வீட்டுக்கு."

செம்பவாங் தானே வந்தது. பதினோரு மணிக்கு மறுபடி மழை பிடித்தது. அந்த மழையில் ஒரு லாரி வந்து வாசலில் நின்றது. அக்காவின் தம்பி தங்கவேலு கப்பல் தளத்தில் வேலை பார்த்தான். பத்திரிகை அங்கேயும் போயிருந்தது. வேலை மேஸ்திரியான மண்டோர் லாரி கொடுத்திருந்தார். நீல உடுப்பில் பன்னிரண்டு பேர் சொட்டச் சொட்ட இறங்கினார்கள். தங்கவேலு நெஞ்சில் அடித்துக்கொண்டு, "அக்கா, உன்னைய இந்தக் கோலத்துல பாக்கவா..." என்று மேலே ஏறினான். ஏறி முடித்ததும் எதிரே மச்சான்.

"வா தங்கவேலு" என்றார் அண்ணன். "தலையத் தொவட்டு."

தங்கவேலு கையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தான். நனைந்த காகிதம் கிழிந்து உள்ளே இருந்தது தரையில் விழுந்தது. வெள்ளைப் புடவை. தாலியறுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வருகிற கோடி.

பால்காரர் தேத்தண்ணிக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"வர்ற வழியில பாய் கடையிலதான்..." என்றான் தங்கவேலு. அழ ஆரம்பித்திருந்தான். இது நிஜ அழுகை.

"நான் கடையில இல்லாத நேரம் பாத்து வித்திருக்கானுங்க" என்றார் பாய். "பரவால்ல, நான் திரும்ப எடுத்துக்கிறேன்."

"கோடியத் திரும்ப எடுக்கிற கடை எந்த ஊர்ல இருக்கு?" என்றார் பால்காரர்.

அண்ணன் குனிந்தார். புடவையின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தார். அது அவர் தொழில் புத்தி. அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

"நல்ல அடர்த்தியான நெசவு" என்றார். "வஜ்ஜிரப் பசை தடவிச் சட்டத்துல இழுத்துக் கட்டுனா ரெண்டு படத்துக்கு ஆவும்."

அக்கா உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து வந்தார். அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ, கை நிறைய வளையல், காலணா அகலத்துக்குக் குங்குமம்.

"தம்பி, வாங்க. நீங்க இங்கிலீசு பேசுங்க. நான் எறக்குறேன்."

டாக்சியில் அக்கா வளையல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். மழை கண்ணாடியில் அடித்தது. மண்டபம் நெருங்கும்போது, "அவரு இல்லன்னு நெனச்ச அந்தப் பத்து நிமிசம் தம்பி" என்றார். நான் தலையாட்டினேன். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதால் அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கு இப்போதும் நன்றி.

சங்கச் செயலாளர் மிஸ்டர் கோ எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். சீனப் பள்ளியில் ஓவிய ஆசிரியர், ஒல்லியான மனிதர். மாலை இன்னும் படத்தின் மேல் இருந்தது. இந்தியர் வழக்கம் என்று யாரையும் தொடவிடாமல் காவல் காத்ததாகச் சொன்னார். காலையில் தண்ணீர்கூடத் தெளித்திருந்தார்.

"இவர் யார்?"

"ஓவியரின் மனைவி. படத்தை எடுக்க வந்திருக்கிறார்."

மிஸ்டர் கோ விதியைச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. படத்துக்கு முன்னால் போய் நின்றார். சட்டத்தைப் பிடிக்க வழியில்லாமல் மாலை மறைத்தது. இரண்டு கையாலும் மாலையைத் தூக்கிக் கழற்றி என் கையில் போட்டார்.

கழற்றியதும்தான் படம் முழுதாகத் தெரிந்தது.

நடுவில் அண்ணனின் முகம், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு. ஆனால் கண்ணாடியில் அவர் மட்டும் இல்லை. தோளுக்குப் பின்னால், மாலை மறைத்திருந்த இடத்தில், வாசற்படி. படியில் ஒரு பெண். முந்தானையை இடுப்பில் செருகி, ஒரு கையைக் கதவில் ஊன்றி, மறு கையின் விரலை நீட்டிக்கொண்டு நின்றாள். முகம் கட்டைவிரல் அளவுதான். வாய் திறந்திருந்தது. என்ன சொல்கிறாள் என்பதுகூட எனக்குக் கேட்டது.

எட்டு ஞாயிறும் அவர் திரும்பாமல் இருந்தது இதற்குத்தான். திரும்பியிருந்தால் கண்ணாடியில் அவள் நகர்ந்திருப்பாள்.

அக்கா வெகுநேரம் பார்த்தார்.

"நான் இப்படியா கைய நீட்டுறேன்?"

"ஆமாம் அக்கா."

"தெனமுமா?"

"பெரும்பாலும்."

வாசலில் சத்தம். லாரி வந்துவிட்டது. அண்ணன் முன்னால், பின்னால் தங்கவேலு, பாய், யோகம் டீச்சர், நீல உடுப்பில் பன்னிரண்டு பேர். மண்டபத்துத் தரையெல்லாம் ஈரம். ஏற்கனவே படம் பார்த்துக்கொண்டிருந்த சீன மாணவர்களும் இரண்டு வெள்ளைக்காரப் பெண்களும் சுவரோரம் ஒதுங்கினார்கள். இப்போது உண்மையிலேயே திரளானோர்.

படம் சுவரிலேயே இருப்பதைப் பார்த்து அண்ணன் மூச்சு விட்டார். பக்கத்தில் வந்தார்.

"வளையல் எத்தன போட்டிருக்கீங்க?" என்றார் அக்கா.

"ரெண்டு."

"நான் கைக்கு நாலு போடுவேன்."

"அவ்வளவு தூரத்துல ரெண்டுதான் தெரியும் பாக்கியம்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. காலையில கோடி வந்த பொம்பள நான். ரெண்டு வளையலோட இந்த ஊருக்கு முன்ன நிக்கமாட்டேன்."

"எறக்கணும்னு வந்தே?"

"எறக்குனா நானும்ல சேந்து எறங்குவேன். இருக்கட்டும். வளையலப் போடுங்க."

மிஸ்டர் கோ என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். விதித்தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"எடுக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. சேர்ப்பதைப் பற்றி ஒன்றுமில்லை" என்றார். அவரே போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

அண்ணனின் பையில் காப்பிக் கடைச் சிவப்பு மிச்சம் இருந்தது. மூடியைத் திறந்தார். கூட்டம் நெருங்கி வந்தது. மூன்றாவது வளையலை ஒரே இழுப்பில் போட்டார்.

"இன்னும் ஒண்ணு" என்றார் அக்கா, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று.

"எடமில்ல."

"இருக்கு. அந்த மணிக்கட்டுக்கு மேல. நான் இங்கேருந்து பாக்குறேன், எனக்குத் தெரியுது."

விரல் நீண்டிருந்தது. பட்டுப் புடவையும் பூவும் தவிர வேறு வித்தியாசம் இல்லை. மாணவர்கள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அண்ணன் திரும்பவில்லை.

வெள்ளைக்காரப் பெண்களில் மூத்தவர் என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

"இது கண்காட்சியில் சேர்ந்ததா? எத்தனை நாளைக்கு நடக்கும்?"

"பதினெட்டு வருஷமாக நடக்கிறது" என்றேன். "முடிகிற தேதி போடவில்லை."